வகுப்பில் ஒரு மாணவி இறந்துவிட்டார். திங்கட்கிழமை காலை என்ன சொல்வது?

கேள்வி: இரண்டாம் ஆண்டு வகுப்பு ஒன்றுக்கு நான் பொறுப்பாசிரியர். என் மாணவி ஒருவர் வெள்ளிக்கிழமை இரவு விடுதியில் இறந்துவிட்டார். தற்கொலை என்று மாணவர்கள் பேசிக்கொள்கிறார்கள். வீட்டார் இன்னும் எதுவும் சொல்லவில்லை. "அந்தப் பேச்சை எடுக்காமல் பாடத்தை நடத்துங்கள்" என்கிறது நிர்வாகம். வெளியிலிருந்து ஒரு பயிற்சியாளரை வரவழைத்து, எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து மனதில் இருப்பதைக் கொட்டச் சொல்லலாம் என்கிறார் சக ஆசிரியர் ஒருவர். திங்கட்கிழமை முதல் வகுப்பு எனக்குத்தான். என்ன செய்யட்டும்?

பதில்: இரண்டுமே வேண்டாம்.

நீங்கள் வாய் திறக்காவிட்டாலும் வகுப்பு பேசத்தான் போகிறது. வாட்ஸாப் குழுவில் இந்நேரம் நாலு கதை ஓடிக்கொண்டிருக்கும். ஆசிரியர் வந்து நேராகப் பாடத்தை ஆரம்பித்தால், கல்லூரி எதையோ மறைக்கிறது என்பது ஐந்தாவது கதையாகச் சேர்ந்துகொள்ளும்.

கொட்டவைக்கும் யோசனை நல்லெண்ணத்தில் வருவதுதான். தீயணைப்பு, ஆம்புலன்ஸ் பணியாளர்களுக்காக அமெரிக்கரான ஜெஃப்ரி மிட்செல் 1983இல் எழுதிய முறை அதன் வேர். ஆனால் ஒரே அமர்வில் நடந்ததையெல்லாம் பேசவைப்பது பிந்தைய மனப்பாதிப்பைத் தடுப்பதில்லை என்று மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பு 2002இல் சொன்னது. சிலருக்கு அது நிலைமையை மோசமாக்கியிருக்கலாம் என்றும் அதில் இருந்தது. காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. தோழியின் உடலை முதலில் பார்த்தவள் அதை விவரிப்பாள். அதுவரை எதையும் பார்த்திராத ஐம்பது பேருக்கும் அன்றிரவு அந்தக் காட்சிதான் கண்ணில் நிற்கும். உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு மூன்றே வேலைகளைச் சொல்கிறது: கவனி, காதுகொடு, உரிய இடத்தில் சேர்த்துவிடு. பேச விரும்பாதவரைப் பேசவைப்பது அந்த மூன்றில் இல்லை.

திங்கட்கிழமை வகுப்புக்குள் போவதற்கு முன் அலுவலகத்துக்குப் போங்கள். வருகைப் பட்டியலிலிருந்து அந்தப் பெயரை எடுக்கச் சொல்லுங்கள். பெற்றோருக்குத் தானாகப் போகும் செய்திகளை, கட்டண நினைவூட்டல், நூலகப் பாக்கி உட்பட, நிறுத்தச் சொல்லுங்கள். இதைச் சின்ன விஷயம் என்று நினைத்துவிட வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரியில், காரியம் முடியும் முன்பே ஒரு தாயின் போனுக்கு "உங்கள் மகள் இன்று வகுப்புக்கு வரவில்லை" என்று மூன்று நாள் தொடர்ந்து செய்தி போனது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

வகுப்பில் சொல்வதை எழுதிவைத்துக்கொண்டு படித்தாலும் தவறில்லை. இப்படி இருக்கலாம்: "நம் வகுப்பில் படித்த இவர் வெள்ளிக்கிழமை இரவு இறந்துவிட்டார். எப்படி என்று எனக்கு உறுதியாகத் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியவர்கள் அவர் வீட்டார். எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, உங்களில் பலருக்கும் இருக்கும். இந்த ஒரு மணி நேரம் பாடம் இல்லை. இங்கேயே இருக்கலாம், பேசலாம், பேசாமலும் இருக்கலாம். வெளியே போகிறவர்கள் தனியாகப் போக வேண்டாம்." பிறகு கவுன்சிலர் எந்த அறையில், எத்தனை மணி வரை இருப்பார் என்று பலகையில் எழுதுங்கள். 'நம்மை விட்டுப் போய்விட்டார்' என்று சுற்றி வளைக்காதீர்கள். அழுகை வந்தால் அழுதுவிட்டுத் தொடரலாம்.

தற்கொலைதான் என்று வீட்டார் உறுதிசெய்து, சொல்லவும் சம்மதித்தால் அந்தச் சொல்லை மட்டும் சொல்லுங்கள். எந்த முறை, எந்த இடம், கடிதம் இருந்ததா என்பதெல்லாம் வேண்டாம். 'மார்க் குறைந்ததால்' என்று ஒற்றைக் காரணமும் கட்டாதீர்கள். மார்க் குறைந்த இன்னொருவரும் அதே வகுப்பில் உட்கார்ந்திருப்பார். பெரிதாகப் பேசப்படும் தற்கொலைச் செய்திக்குப் பின் தற்கொலைகள் கூடுவதை சமூகவியலாளர் டேவிட் ஃபிலிப்ஸ் 1974லேயே காட்டினார். அஞ்சலியும் அதே கணக்குதான். விபத்திலோ நோயிலோ ஒருவர் இறந்தால் உங்கள் கல்லூரி என்ன செய்யுமோ அதே அளவு செய்யுங்கள், கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்.

இனி, யாரைக் கவனிப்பது? அறைத்தோழி, முதலில் பார்த்தவர், கடைசியாகச் சண்டை போட்டவர், ஏற்கெனவே வீட்டில் ஒரு சாவைக் கண்டவர், முன்பு தன்னையே காயப்படுத்திக்கொண்டவர். நெருங்கிய தோழிகளைச் சுற்றி எப்போதும் நாலு பேர் இருப்பார்கள். என் கண் போவது பின் வரிசையில் ஒன்றுமே நடக்காதது போல் இருப்பவர் மீது. சந்தேகம் இருந்தால் தனியாகக் கூப்பிட்டு நேராகவே கேளுங்கள்: "உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றுகிறதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றால் தனியே விடாமல் நீங்களே கவுன்சிலரிடமோ மருத்துவமனைக்கோ கூட்டிப்போங்கள். 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

கவனித்ததை ஒரே இடத்தில் சேருங்கள். அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 2007 ஏப்ரல் 16 அன்று ஒரு மாணவர் 32 பேரைச் சுட்டுக்கொன்றது முற்றிலும் வேறு வகைச் சம்பவம். ஆனால் விசாரணைக் குழு கண்ட ஒரு குறை இங்கேயும் பொருந்தும். அந்த மாணவரைப் பற்றி ஆசிரியர்கள், விடுதி, வளாகப் போலீஸ் என ஆளுக்கொரு துண்டு தெரிந்திருந்தது. தனியுரிமைச் சட்டம் தடுக்கிறது என்று தவறாக நினைத்ததால் துண்டுகள் சேரவே இல்லை. வார்டன், கவுன்சிலர், நீங்கள் மூவரும் முதல் வாரம் தினமும் பத்து நிமிடம் பேசினால் போதும்.

தூக்கமின்மை, திடுக்கிடல், எரிச்சல், படிப்பில் மனம் ஒட்டாமை எல்லாம் முதல் சில வாரங்களில் இருக்கும். பெரும்பாலோருக்குத் தானாகத் தணியும். ஒரு மாதம் தாண்டியும் அதே காட்சி திரும்பத் திரும்ப வந்து அன்றாடத்தைக் கெடுத்தால் மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள். விடுதியில் யாராவது தூக்க மாத்திரையைப் பங்குபோட்டால் நிறுத்துங்கள். முதல் மாத மன அதிர்ச்சிக்கு பென்சோடயாசிபைன் வகை (தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் தரப்படும்) மாத்திரைகள் வேண்டாம் என்பது 2013இல் உலக சுகாதார நிறுவனம் தந்த வழிகாட்டல். தேர்வைத் தள்ளிவைப்பதை, கேட்பவர்களுக்கு மட்டும் செய்யுங்கள். சிலருக்கு வழக்கமான அட்டவணைதான் பிடிமானம்.

இன்னொன்று, விடுதி அறை. காவல்துறை அனுமதித்த பிறகு பெற்றோர் சாமான்களை எடுக்க வருவார்கள். பெட்டி கட்டும் வேலை பெரும்பாலும் அறைத்தோழி தலையில்தான் விழும், 'உனக்குத்தானே எது யாருடையது என்று தெரியும்' என்று. அவளிடம் பட்டியல் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு, வார்டனும் நீங்களும் உடனிருந்து எடுத்துக்கொடுங்கள். அன்றிரவு அவள் தூங்குவதற்கு வேறு அறை தயாராக இருக்கட்டும்.