விந்து வெளியேறினால் உடம்பின் சத்து போய்விடுமா? அதை விழுங்கினால் சத்து கிடைக்கும் என்பது உண்மையா?

கேட்ட தம்பிக்கு இருபது வயது இருக்கலாம். ராத்திரி ஏதோ வீடியோ பார்த்துப் பயந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். "40 சொட்டு ரத்தம் சேர்ந்தால்தான் ஒரு சொட்டு விந்து" என்று அதில் சொல்லியிருப்பார்கள். இரண்டு கேள்விக்கும் முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சத்தும் போகாது, சத்தும் கிடைக்காது.

நான் டாக்டர் இல்லை. மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவன், அதாவது காளையின் விந்தைச் செலுத்திச் சினை பிடிக்க வைக்கிறவன். "மாட்டுக்கு ஊசி போடுகிறவனுக்கு இதில் என்ன பேச்சு" என்று கேட்க வருகிறவர்கள் முழுதாகப் படித்துவிட்டு வாருங்கள். மற்றவர்கள் கூச்சப்பட்டு மூடி வைக்கிற பொருளைத்தான் நான் தினமும் கையில் எடுக்கிறேன்.

மனிதனுக்கு ஒரு தடவை வெளியேறுவது 2 முதல் 5 மில்லி. அதில் பெரும்பகுதி தண்ணீர். 100 மில்லியில் சுமார் 5 கிராம் புரதம் என்பது கணக்கு. அப்படியென்றால் 3 மில்லியில் 0.15 கிராம். ஒரு கோழிமுட்டையில் 6 கிராம் இருக்கிறது. ஒரு முட்டைக்கு ஈடாக 40 தடவை ஆகும். துத்தநாகம் அரை மில்லிகிராம் அளவுக்கு இருக்கும், ஆணுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 10 மில்லிகிராமுக்கு மேல். கொஞ்சம் ஃபிரக்டோஸ் சர்க்கரை, சிட்ரிக் அமிலம், கால்சியம், மெக்னீசியம். எல்லாம் சேர்த்தாலும் இரண்டு மூன்று கலோரி தேறாது. அந்தச் சர்க்கரையும் உயிரணு நீந்திப் போவதற்கான எரிபொருள். உங்கள் கை கால் பலத்துக்காகச் சேர்த்து வைத்தது இல்லை.

இன்னொன்று. அந்தத் திரவத்தில் உயிரணுக்களின் பங்கு நூற்றுக்கு ஐந்துக்குள்தான். மீதியை விந்துப்பையும் புரோஸ்டேட் சுரப்பியும் சுரக்கின்றன. ரத்தம் திரண்டு விந்தாவதில்லை. ஓர் உயிரணு உருவாகி முடிய இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும், ஆனால் உற்பத்தி ஒருநாளும் நிற்பதில்லை. வெளியேறாமல் தங்கிப் பழசானதை உடம்பே கரைத்துக்கொள்ளும். தூக்கத்தில் போவதும் இயல்பானதுதான்.

நான் இதை எழுத உட்கார்ந்த காரணம் என் அக்கா மகன். போலீஸ் வேலைக்கு 1500 மீட்டர் ஓட்டம் பழகிக்கொண்டிருந்தவன். நல்ல ஓட்டக்காரன். திடீரென்று மைதானத்துக்குப் போவதை நிறுத்திவிட்டான், சாப்பாடு குறைந்தது, யாரோடும் பேச்சில்லை. அக்கா காதல் விவகாரம் என்று நினைத்து அழுதாள். மாட்டுக்கு ஊசி போடப் போகும்போது வண்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டு போய்க் கேட்டேன். "மாமா, ஒன்னுக்கு வெள்ளையாப் போகுது. எல்லாம் கரைஞ்சு போகுது மாமா. இனி ஓட முடியாது" என்றான். மதுரையில் ஒரு லாட்ஜில் மாதாமாதம் வந்து தங்கும் வைத்தியர், நாடியைப் பிடித்துவிட்டு "கைப்பழக்கத்தால் நரம்பு செத்துவிட்டது, கல்யாணத்துக்கு லாயக்கில்லை" என்று சொல்லி லேகியமும் சூரணமும் கொடுத்திருக்கிறார். தேர்வுக்குப் படிக்க அக்கா கொடுத்த பணம் அத்தனையும் அங்கே போயிருக்கிறது. பத்தொன்பது வயதுப் பையனிடம் சொல்லும் வார்த்தையா அது? இன்றைக்கும் நினைத்தால் எனக்கு உடம்பு பதறுகிறது.

மறுநாளே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். சிறுநீரைச் சோதனைக் குழாயில் ஊற்றிச் சூடு காட்டினார்கள், இன்னும் வெள்ளையாகக் கலங்கியது. இவன் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டான். அசிட்டிக் அமிலம் சில சொட்டு விட்டதும் கலங்கல் அப்படியே தெளிந்துவிட்டது. "பாஸ்பேட் உப்புப்பா. தண்ணி நிறையக் குடி" என்றார் டாக்டர். அவ்வளவுதான். நான் பக்கத்தில் நின்று கண்ணால் பார்த்தது இது.

இந்தப் பயத்துக்கு மருத்துவத்தில் பெயரே இருக்கிறது. 1960இல் மனநல மருத்துவர் என்.என். விக் 'தாத் சிண்ட்ரோம்' என்று பெயர் வைத்தார். தாது, அதாவது விந்து, போகிறது என்ற எண்ணத்தாலேயே சோர்வு, தூக்கமின்மை, படபடப்பு எல்லாம் வரும். நம் ஊரில் மட்டும் இருந்த பயமும் இல்லை. 18ஆம் நூற்றாண்டில் சுவிட்சர்லாந்து மருத்துவர் திசோ, ஒரு அவுன்ஸ் விந்து போவது 40 அவுன்ஸ் ரத்தம் போவதைவிட மோசம் என்று எழுதி ஐரோப்பாவையே நடுங்க வைத்தார்.

நான் சித்த மருத்துவத்துக்கு எதிரி என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஏழு உடற்கட்டுகளில் கடைசியாகச் சுக்கிலத்தை, அதாவது விந்தை, சொன்ன பெரியவர்கள் நுண்ணோக்கி இல்லாத காலத்தில் யோசித்தவர்கள். முறையாகப் படித்த சித்த மருத்துவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் தாராளமாகப் போங்கள். லாட்ஜில் ரூம் போட்டுப் பையன்களை மிரட்டுகிறவர்களைத்தான் சொல்கிறேன். உடலுறவு இன்பத்தைக் கூட்டும் மருந்து என்று விளம்பரம் செய்வது 1954ஆம் வருடச் சட்டப்படியே குற்றம்.

என் தொழிலில் இருந்தும் சொல்ல வேண்டும். உதகையிலும் தஞ்சாவூர் ஈச்சங்கோட்டையிலும் உறைவிந்து நிலையங்கள் இருக்கின்றன. இப்படிப்பட்ட நிலையங்களில் பொலிகாளைகளிடம் வாரத்துக்கு இரண்டு நாள் விந்து எடுப்பது வழக்கம், வருஷக்கணக்கில். காளைகள் மெலிந்து விழுவதில்லை, திமில் தளர்வதில்லை. எடுத்ததை மைனஸ் 196 டிகிரி நைட்ரஜனில் வைப்பதற்கு முன் முட்டை மஞ்சள் கருவும் சர்க்கரையும் கிளிசராலும் கலந்த கரைசலைச் சேர்ப்பது வெகுகால முறை. குளிரைத் தாங்க விந்துக்கே வெளியிலிருந்து முட்டை வேண்டியிருக்கிறது தம்பி!

நாங்கள் மாட்டுக்குப் போடும் உறைவிந்து அடைத்த சின்னக் குச்சியில் இருப்பது கால் மில்லி. அதைப் போட்டுச் சினை பிடிக்கவில்லை என்றால் வசவு முழுக்க எங்களுக்குத்தான். காலையில் மாடு பருவத்துக்குக் கத்தினால் சாயங்காலம் ஊசி போட வேண்டும். மாட்டுக்காரர்கள் வயல் வேலையெல்லாம் முடித்து மறுநாள் மத்தியானம் போன் செய்வார்கள். அப்புறம் "உன் ஊசி தண்ணி ஊசி" என்று டீக்கடையில் உட்கார்ந்து பேசுவார்கள். மழையில் நைட்ரஜன் கேனைக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டுகிறவனுக்கு அதைக் கேட்க எவ்வளவு வலிக்கும் என்று யாரும் யோசிப்பதில்லை.

சரி, விழுங்கும் கேள்விக்கு வருகிறேன். சத்துக்கென்று செய்ய ஒன்றுமில்லை. முகம் பளபளக்கும் என்பதும் கதைதான். ஆனால் எதிராளிக்கு கொனோரியா, சிபிலிஸ், எச்.ஐ.வி. போன்ற தொற்று இருந்தால் அந்த வழியிலும் பரவலாம். அரிதாகச் சிலருக்கு ஒவ்வாமையும் உண்டு. உடம்பு தேற வேண்டுமா, அவித்த முட்டையும் ஒரு கை நிலக்கடலையும் சாப்பிடுங்கள். சாயங்காலம் ஒரு டம்ளர் பருத்திப்பால் குடியுங்கள்.

என் அக்கா மகன் மறுபடி ஓடப் போகிறான். உங்களுக்குச் சிறுநீரிலோ விந்திலோ ரத்தம், எரிச்சல், வலி இருந்தால் மட்டும் தள்ளிப்போடாமல் அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். ஏற்கெனவே லேகியம் வாங்கியிருந்தால் நிறுத்திவிட்டு, டப்பாவையும் கையில் கொண்டுபோங்கள். இப்படி விற்கிற சிலவற்றில் ஆங்கில மாத்திரையைப் பொடித்துக் கலந்திருப்பது பல இடங்களில் பிடிபட்டிருக்கிறது. அது சில இதய மாத்திரைகளோடு சேர்ந்தால் ஆபத்து என்பதால், வீட்டில் இதய நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிற பெரியவர் யாராவது அந்த லேகியத்தில் கொஞ்சம் எடுத்துச் சாப்பிட்டிருந்தால், அவரையும் சேர்த்துக் கூட்டிப்போங்கள்.