ஸ்டீம் கிளீனர் வாங்கும் முன் உங்கள் வீட்டுத் தண்ணீரைப் பாருங்கள்

கேள்வி: சென்னை பெரும்பாக்கத்தில் ஃபிளாட்டில் குடியிருக்கிறோம். போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும்தான் வருகிறது. அடுப்புக்குப் பின்னால் இருக்கும் டைல்ஸில் எண்ணெய்ப் பிசுக்கு, எதைப் போட்டுத் தேய்த்தாலும் போவதில்லை. பாத்ரூம் சுவர் முழுக்க வெள்ளைக் கறை. ஏழு வயது மகனுக்குத் தூசி ஒவ்வாமை, காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல். மாமியாருக்கு ஃபினாயில் வாசனை பட்டாலே மூச்சு இழுக்கிறது. எந்த மருந்தும் இல்லாமல் ஆவியிலேயே எல்லாம் சுத்தமாகும் என்று விளம்பரத்தில் பார்த்தேன். ஸ்டீம் கிளீனர் வாங்கலாமா? சின்னது போதுமா, பெரியது வேண்டுமா?

பதில்: வாங்கலாம். ஆனால் எதற்காக வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குங்கள். நீங்கள் சொன்ன நான்கில் சமையலறைப் பிசுக்குக்கும், மாமியாருக்காகத் தரை துடைப்பதற்கும் நன்றாகக் கை கொடுக்கும். பாத்ரூம் வெள்ளைக் கறையை அசைக்கக்கூட முடியாது. மெத்தையில் அவசரப்பட்டு அடித்தால் மகனின் தும்மல் கூடவும் வாய்ப்பு இருக்கிறது. இந்தச் சாதனங்களைப் பல வருடமாகப் பழுது பார்த்து வருகிறேன். வாங்கிய கொஞ்ச நாளில் பரணில் ஏறிவிடுகிற இயந்திரங்கள் பெரும்பாலும் தவறான வேலைக்காக வாங்கப்பட்டவை.

ஆவி என்ன செய்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். மூடிய பாய்லருக்குள் தண்ணீர் கொதித்து அழுத்தம் ஏறுகிறது. 3 பார் அழுத்தத்தில் உள்ளே வெப்பம் 140 டிகிரியைத் தாண்டிவிடும். ஆனால் இயந்திரத்தின் மூக்கை (நாசில்) விட்டு வெளியே வந்ததும் ஆவி விரிந்து, அறைக் காற்றோடு கலந்து, சட்டென்று சூட்டை இழக்கும். இரண்டு விரல்கடைத் தூரத்தில் பிடித்தால் வேலை நடக்கும். ஒரு முழம் தள்ளிப் பிடித்தால் வெறும் ஈரப் புகைதான். பரப்பில் பட்டுத் தண்ணீராக மாறும்போது ஒவ்வொரு கிராம் ஆவியும் சுமார் 540 கலோரி வெப்பத்தை அங்கே இறக்குகிறது. ஒரு கிராம் கொதிநீர் 100 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்கு ஆறினாலும் 70 கலோரிதான் கொடுக்கும். வெந்நீர் ஊற்றியும் இளகாத பிசுக்கு ஆவிக்கு இளகுவது இதனால்தான்.

இளகுவதோடு ஆவியின் வேலை முடிந்தது. அழுக்கை எடுப்பது துணி. இந்த ஒரு விஷயத்தை விளம்பரத்தில் காட்டுவதே இல்லை.

உங்கள் அடுப்புச் சுவரையே எடுத்துக்கொள்வோம். தாளிக்கும்போது தெறித்த எண்ணெய், அதன்மேல் தூசி, அதன்மேல் மறுபடி எண்ணெய், கூடவே தினமும் அடுப்பின் சூடு. பல மாதம் இப்படி ஏறி இறுகியது அந்தத் தேன் நிறப் பிசுக்கு. ஆவி பட்டதும் முதலில் அது பளபளக்கும். அப்புறம் முத்து முத்தாகத் திரளும். சில விநாடிகளில் பழுப்புக் கோடாக வழிய ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் துணியை வைத்து ஒற்றி எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் வழிந்து, மேடைக் கல்லும் சுவரும் சேரும் இடுக்கில் இறங்கி, அங்கே ஆறி மறுபடி இறுகிவிடும். பிறகு கரப்பான் பூச்சி வருகிறதே என்று கவலைப்பட வேண்டியதுதான்.

அதனால் சுவரின் அடியில் ஒரு பழைய துண்டை நீளமாக மடித்து வையுங்கள். மேல் வரிசையில் தொடங்கி ஒவ்வொரு டைலாக வாருங்கள். ஒரு கையில் ஆவி, மறுகையில் துணி. மைக்ரோஃபைபர் துணி நல்லது. இல்லையென்றால் பழைய பனியன் துணி போதும், ஆனால் ஏழெட்டாவது வேண்டும். ஒரே துணியால் எல்லாவற்றையும் துடைத்தால் எடுத்த எண்ணெயை அடுத்த டைலில் பூசிக்கொண்டுதான் போவீர்கள். பிசுக்கு ரொம்பத் தடிப்பாக இருந்தால் பாத்திரம் கழுவும் லிக்விடைக் கொஞ்சம் தடவிப் பத்து நிமிடம் விட்டு, அப்புறம் ஆவி அடியுங்கள். இயந்திரத்தோடு பித்தளைக் கம்பி பிரஷ் ஒன்று வரும். அதை டைல்ஸ் இணைப்பில் போட்டுத் தேய்க்காதீர்கள், வெள்ளைச் சிமெண்ட் பெயர்ந்து வந்துவிடும். அடுப்பைச் சுத்தம் செய்யும்போது சிலிண்டர் ரெகுலேட்டரை மூடி, அடுப்பு ஆறிய பிறகு தொடங்குங்கள். சிம்னி ஃபில்டருக்கு ஆவியே தேவையில்லை. ஸ்டீல் ஃபில்டரென்றால் வெந்நீரில் சலவை சோடா கரைத்து அரை மணி நேரம் ஊறவையுங்கள். அலுமினிய வலை என்றால் சோடா வேண்டாம், கறுத்துப்போகும். பாத்திர லிக்விட் மட்டும் போதும்.

பாத்ரூம் கறை வேறு சங்கதி. அது அழுக்கே அல்ல, கல். உங்கள் போர் தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு, தண்ணீர் காயக் காயச் சுவரில் படிந்தது. சூட்டுக்கு அது கரையாது, அமிலத்துக்குத்தான் கரையும். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் சிட்ரிக் அமிலம் தருவார்கள். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் மூன்று மேசைக்கரண்டி கரைத்து, துணியை நனைத்துச் சுவரில் ஒட்டிவைத்துப் பத்து நிமிடம் கழித்துத் தேய்த்தால் விட்டுவரும். வாசனை கிடையாது, மாமியாருக்குத் தொந்தரவு இல்லை. இணைப்புச் சிமெண்டில் அதிக நேரம் விடாமல் நன்றாகக் கழுவிவிடுங்கள். மார்பிளில் மட்டும் எந்த அமிலமும் படக் கூடாது, பாலிஷ் போய்விடும். இன்னொன்று: பிளீச்சிங் பவுடரோ பிளீச் கலந்த திரவமோ போட்ட இடத்தில் அமிலத்தை ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். மூச்சிரைப்பு உள்ளவர் இருக்கும் வீட்டில் அது மிகவும் ஆபத்து. குழாய் அடியிலும் மூலையிலும் கறுப்பாகப் படியும் பூஞ்சைக்கு மட்டும் ஆவி நன்றாக வேலை செய்யும்.

இப்போது மெத்தை. உங்கள் கேள்வியில் எனக்கு அதிகக் கவலை தந்தது இதுதான். தூசி ஒவ்வாமைக்குப் பெரும்பாலும் காரணம் மெத்தையில் வாழும் கண்ணுக்குத் தெரியாத தூசி உண்ணிகளும் அவற்றின் கழிவும். 60 டிகிரி சூடு நின்று பட்டால் உண்ணிகள் செத்துவிடும், அது உண்மை. ஆனால் கழிவும் செத்த உடலும் அங்கேயேதான் இருக்கும். அவற்றை வேக்குவம் வைத்து எடுக்க வேண்டும். அது மட்டுமல்ல, ஆவி என்பது தண்ணீர். மெத்தைக்குள் இறங்கிய ஈரம் முழுதாகக் காயாவிட்டால் அங்கே உண்ணி மறுபடி பெருகும், பூஞ்சையும் சேர்ந்துகொள்ளும். கடலை ஒட்டிய நம் ஊர்க் காற்றில், அதுவும் ஐப்பசி கார்த்திகையில், ஈரமான மெத்தை எப்போது காய்வது?

மகனுக்கு முதலில் செய்ய வேண்டியவை ஆவி இல்லாத வேலைகள். படுக்கை விரிப்பு, தலையணை உறை, போர்வை மூன்றையும் வாரம் ஒரு முறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். மெத்தைக்கும் தலையணைக்கும் ஜிப் வைத்த, உண்ணி நுழையாத உறை போடுங்கள். மெத்தையை வேக்குவம் செய்யும்போது பையன் அந்த அறையில் இருக்க வேண்டாம். இலவம் பஞ்சு மெத்தையென்றால் வெயிலே போதும், ஆவியே வேண்டாம். மெமரி ஃபோம், லேடெக்ஸ் மெத்தைகளிலும் அடிக்கக் கூடாது. மற்ற மெத்தைகளில் அடித்துத்தான் ஆக வேண்டும் என்றால் சித்திரை, வைகாசியில் காலை பத்து மணிக்குள் அடித்து, மொட்டை மாடி வெயிலிலும் மின்விசிறிக் காற்றிலும் நன்றாக உலர்த்திவிட்டு மாலையில் விரியுங்கள். தும்மல் குறையாவிட்டால் மருத்துவரிடம் காட்டுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மூட்டைப்பூச்சி கதை வேறு. கட்டில் இடுக்கில் இருக்கும் பூச்சியையும் முட்டையையும் ஆவி நேராகக் கொல்லும். அகலமான மூக்கை மாட்டி, துணி சுற்றி, ஒரு முழ நீளத்துக்குப் பதினைந்து விநாடியாவது எடுத்து மெதுவாக நகர்த்த வேண்டும். கூர்மூக்கை வைத்தால் காற்று வேகத்தில் பூச்சி பறந்து வேறு இடத்தில் விழுந்து பிழைத்துக்கொள்ளும்.

சரி, எந்த இயந்திரம்? கையில் பிடிக்கும் சிறியது, சக்கரத்தோடு குழாய் நீளும் பெரியது, தரை துடைக்கும் ஸ்டீம் மாப் என மூன்று வகை உண்டு. சிறியதில் 200 மில்லி அளவுக்குத்தான் தண்ணீர் பிடிக்கும். 1200 வாட் ஹீட்டர் நிமிடத்துக்கு 30 கிராமை ஒட்டித்தான் ஆவியாக்க முடியும். ஆக ஆறேழு நிமிடத்தில் தீர்ந்துவிடும். பிறகு ஆறவிட்டு, நிரப்பி, மறுபடி சூடேற வேண்டும். அடுப்புச் சுவருக்கு மட்டும் என்றால் இது போதும். உங்களுக்குத் தரையும் இருப்பதால் ஒரு லிட்டர் பிடிக்கும் 1500 வாட் இயந்திரம் பொருத்தம். நிரப்பினால் அரை மணி நேரம் வரை ஓடும், மின்சாரம் ஒரு யூனிட்டுக்குள் முடியும். 1500 வாட்டைச் சின்ன 6 ஆம்பியர் பிளக்கில் செருகாதீர்கள். 16 ஆம்பியர் பவர் பிளக்கில் மட்டும் செருகுங்கள். சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம், இன்வெர்ட்டர் லைனிலும் வேண்டாம். ஆன்லைனில் பார்க்கும்போது துணிக்கு ஆவி அடிக்கும் கார்மெண்ட் ஸ்டீமரும் கூடவே வரும். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் அதில் அழுத்தம் கிடையாது, பிசுக்குக்கு உதவாது. பாய்லர் அழுத்தம் 3 பாராவது இருக்கிறதா, மூடிக்கும் வாஷருக்கும் இங்கே உதிரி பாகம் கிடைக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். சமீபத்தில் உங்கள் பக்கத்திலிருந்தே ஒரு இயந்திரம் பழுதுக்கு வந்தது. வாங்கி ஒன்பது மாதம்தான். பாய்லரைக் கவிழ்த்துத் தட்டினேன். முட்டை ஓடு மாதிரி சில்லுச் சில்லாகக் கொட்டியது, ஒரு கைப்பிடி. அடிப்பகுதி முழுக்கச் சாம்பல் நிறத்தில் கல்லாக ஒட்டியிருந்தது. ஆவி அடித்தபோதெல்லாம் வெள்ளைத் தூளைத் துப்பி, அவர்கள் வீட்டுக் கறுப்பு கிரானைட்டில் புள்ளி புள்ளியாக விழுந்திருக்கிறது. கணக்குப் போட்டால் ஆச்சரியமே இல்லை. ஆவி வெளியே போகும், உப்பு உள்ளேயே தங்கும். டிடிஎஸ் (லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்ற அளவு) 1200 உள்ள போர் தண்ணீரில் ஒரு லிட்டருக்கு ஒரு கிராமுக்கு மேல் உப்பு. வாரம் ஒரு லிட்டர் என்றால் வருடத்தில் 50 கிராமைத் தாண்டிவிடும்.

குடிக்க வாங்கும் கேன் தண்ணீரையோ ஆர்ஓ தண்ணீரையோ ஊற்றுங்கள். ஆர்ஓ கழிவுநீரை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஊற்றிவிட வேண்டாம், அதில் உப்பு இன்னும் அதிகம். வாசனைக்காக ஃபினாயில், டெட்டால், யூகலிப்டஸ் தைலம் எதையும் பாய்லரில் விடக் கூடாது. வேலை முடிந்து முழுதாக ஆறியதும் மிச்சத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். கேன் தண்ணீரே ஊற்றினாலும் சில மாதத்துக்கு ஒரு முறை, கையேட்டில் அனுமதித்திருந்தால், எலுமிச்சை உப்புக் கரைசலை ஊற்றி, பிளக்கைக் கழற்றி, மூடியைத் திறந்தே வைத்துச் சில மணி நேரம் விட்டு, இரண்டு மூன்று முறை அலசிக் கொட்டுங்கள். கரைசலோடு இயந்திரத்தை ஓட விடாதீர்கள்.

எங்கெல்லாம் கூடாது என்றும் சொல்லிவிடுகிறேன். மாடுலர் கிச்சன் பலகைகளின் ஓரத்தில் ஆவி அடித்தால் பசை இளகி லேமினேட் தூக்கிக்கொள்ளும். என் வீட்டிலேயே ஒரு அலமாரிக் கதவு இப்படி எழும்பி, கடைசியில் மாற்ற வேண்டியதாயிற்று. பாலிஷ் போட்ட மரம், டிஸ்டெம்பர் சுவர், ஆத்தங்குடித் தரை, சுவிட்ச் போர்டு, மிக்ஸி, டிவி, இண்டக்‌ஷன் அடுப்பு எல்லாம் விலக்கு. ஏசி ஓடிக் குளிர்ந்த ஜன்னல் கண்ணாடியில் திடீரென அடித்தால் விரிசல் விடலாம். தரை துடைக்கும்போது ஜன்னல்களைத் திறந்துவிட்டு மாமியாரை வேறு அறையில் உட்காரச் சொல்லுங்கள். ஃபினாயில் இல்லாவிட்டாலும் அந்தச் சூடான ஈரக் காற்று சிலருக்கு மூச்சை அடைக்கும்.

சூடாக இருக்கும்போது பாய்லர் மூடியைத் திறக்க முயலாதீர்கள். பிளக்கைக் கழற்றி, ட்ரிக்கரை அழுத்தி ஆவி முழுக்க வெளியேறிய பிறகும் சற்று நேரம் பொறுங்கள். ட்ரிக்கரில் குழந்தைப் பூட்டு இருக்கும், கையை விட்டுக் கீழே வைக்கும்போதெல்லாம் அதைப் போடுங்கள். மேலே சொன்ன 540 கலோரி தோலில் இறங்கினால் கொதிநீரை விட ஆழமாகப் புண்ணாக்கும். பட்டுவிட்டால் உடனே ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பேஸ்ட், இங்க், மாவு எதையும் பூச வேண்டாம். கொப்புளம் பெரிதாக இருந்தாலோ முகத்தில் பட்டாலோ நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

பெட்டி வந்த அன்றே கேன் தண்ணீரை ஊற்றி, அடுப்புக்குப் பின்னால் ஓரமாக இருக்கும் ஒரே ஒரு டைலில் அடித்துத் துடைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று துணியில் டைலின் பழைய நிறம் தெரிந்தால் வைத்துக்கொள்ளுங்கள். தெரியாவிட்டால், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் கட்டி அனுப்பிவிடுங்கள்.