சாயங்காலமானால் கண் எரிகிறது, எந்தக் கண்ணாடி வாங்குவது?

மதுரை பத்துத்தூண் பக்கம் ஜவுளி மொத்தக் கடையில் பில்லிங் பார்க்கும் 43 வயது வாசகி எழுதியிருக்கிறார்: "காலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் ராத்திரி ஒன்பதாகிவிடுகிறது. தீபாவளி நேரத்தில் கேட்கவே வேண்டாம். சாயங்காலமானால் கண் எரிகிறது, மண் விழுந்த மாதிரி உறுத்துகிறது, தண்ணீர் கொட்டுகிறது, நெற்றி வலிக்கிறது. மருந்துக் கடையில் வாங்கிய சொட்டு மருந்து போட்டால் கேட்கிறது, விட்டால் திரும்ப வருகிறது. நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி வாங்கட்டுமா? பார்வை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது."

திரையைப் பார்ப்பதால் பார்வை போய்விடாது, அந்தப் பயம் வேண்டாம். எனக்குக் கவலை தருவது அந்தச் சொட்டு மருந்துதான். அதன் பெட்டியை எடுத்துப் படித்துப் பாருங்கள். டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன், பீட்டாமெத்தசோன் என்று ஏதாவது போட்டிருந்தால் அது ஸ்டீராய்டு. போட்டதும் சிவப்பும் எரிச்சலும் அடங்கிவிடும். அதனாலேயே பலர் மாதக்கணக்கில் விடாமல் போடுகிறார்கள். சிலருக்கு அது கண்ணுக்குள் அழுத்தத்தை ஏற்றி, பார்வை நரம்பைச் சிதைக்கும் கிளாக்கோமா நோயில் கொண்டுபோய் விடும். பெரும்பாலும் வலியே இருக்காது. அதில் இழந்த பார்வையை மீட்கவும் முடியாது. அந்தப் பெயர் இருந்தால் பாட்டிலோடு இந்த வாரமே கண் மருத்துவரைப் பாருங்கள்.

சரி, எரிச்சலுக்கு வருவோம். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்குப் பதினைந்து தடவை போல இமைக்கிறோம். திரையைப் பார்க்கும்போது அதில் பாதிகூட இமைப்பதில்லை. இமைத்தாலும் மேல் இமை பாதியில் நின்றுவிடுகிறது. கண்ணீர்ப் படலம் காய்ந்துபோகிறது. காய்ந்த கண் உறுத்தும்போது உடம்பு தண்ணீரைக் கொட்டுகிறது. கண் வறண்டதால் வரும் தண்ணீர்தான் அது. முகத்துக்கு நேரே ஃபேன் சுழன்றால் இன்னும் மோசம். மதுரை வெயிலில் ஃபேனை நிறுத்தச் சொல்ல மாட்டேன், காற்று முகத்தில் படாமல் திருப்பி வையுங்கள். ஒவ்வொரு பில் முடிந்ததும் இமைகள் ஒன்றோடொன்று ஒட்டும்படி ரெண்டு மூன்று தடவை மெதுவாக மூடித் திறங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, கடை வாசலைத் தாண்டித் தெருவில் தூரமாக எதையாவது இருபது விநாடி பாருங்கள். ராத்திரி வீட்டுக்குப் போனதும் பொறுக்கும் சூட்டில் நனைத்த சுத்தமான துணியை மூடிய இமைமேல் ஐந்து நிமிடம் வைத்தால், இமை ஓரத்து எண்ணெய்ச் சுரப்பிகள் இளகும்.

வீட்டில் விளக்கெண்ணெய், நந்தியாவட்டைப் பூச்சாறு என்று சொல்வார்கள். கண்ணுக்குள் எதையும் விடாதீர்கள்.

நெற்றி வலிக்குக் காரணம் அநேகமாக உங்கள் வயது. நாற்பதைத் தாண்டினால் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுகி, கிட்டத்தில் உள்ளதைப் பார்க்கத் திணறும். இதற்குப் பலரும் படிக்கிற கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். ஆனால் அந்தப் பவர் பேப்பர் படிக்கிற பதினாறு அங்குல தூரத்துக்கு. உங்கள் திரை இரண்டடி தள்ளி இருக்கும். அதனால்தான் முன்னால் குனிகிறோம், மேல் பாதி தூரத்துக்கும் கீழ்ப் பாதி கிட்டத்துக்குமான பைஃபோகல் கண்ணாடி போட்டவர்கள் மோவாயைத் தூக்கிப் பார்க்கிறார்கள், அப்புறம் கழுத்தும் பிடித்துக்கொள்கிறது. உங்கள் கடையில் இஞ்ச் டேப்புக்குப் பஞ்சமில்லை. வழக்கமாக உட்காருகிற மாதிரி உட்கார்ந்து, கண்ணிலிருந்து திரை எத்தனை அங்குலம் என்று பக்கத்தில் இருப்பவரை அளக்கச் சொல்லுங்கள். பவர் பார்க்கும்போது அந்த எண்ணைச் சொல்லி, அந்தத் தூரத்துக்கே கண்ணாடி எழுதித் தரச் சொல்லுங்கள். கருவிழியின் வளைவு சீராக இல்லாததால் வரும் சின்ன சிலிண்டர் பவர் இருந்தாலும் அப்போது தெரிந்துவிடும்.

நீல ஒளிக் கண்ணாடிக்குக் காசு செலவழிக்காதீர்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் என்ற சர்வதேச அமைப்பு 2023-ல் இதுபற்றிய 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. சாதாரண லென்ஸைவிட அது கண் சோர்வைக் குறைப்பதாகத் தெரியவில்லை. திரையின் மேல் விளிம்பு உங்கள் கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும், எழுத்தைப் பெரிதாக்குங்கள். வாசல் வெளிச்சம் திரையில் பட்டுக் கூசினால் மேசையைப் பக்கவாட்டில் திருப்புங்கள்.

இவ்வளவும் செய்து இரண்டு வாரத்தில் எரிச்சல் குறையாவிட்டால் அண்ணா நகர் அரவிந்த் கண் மருத்துவமனைக்கோ அரசு ராஜாஜி மருத்துவமனைக்கோ போய்விடுங்கள். ஒரு கண் மட்டும் திடீரென்று மங்கினாலோ, விளக்கைச் சுற்றி வண்ண வளையம் தெரிந்தாலோ, வெளிச்சம் பட்டால் கண் வலித்தாலோ அன்றைக்கே போக வேண்டும். சர்க்கரை இருந்தால் விழித்திரையையும் பார்க்கச் சொல்லுங்கள்.