தாழ்ப்பாள் – கடிதம்

வணக்கம் அண்ணா,

என் கணவர் மூன்று வருடம் முன்பு தென்னை மரத்திலிருந்து விழுந்தார். முதுகுத் தண்டில் டி8 என்ற இடத்தில் அடி. தொப்புளுக்குச் சற்று மேலிருந்து கீழே உணர்வு இல்லை. வீல்சேரில் இருந்தபடியே கடையைப் பார்த்துக்கொள்கிறார். குளிப்பாட்டும்போது சில நேரம் அவருக்குத் தானாக விறைப்பு வருகிறது. அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார், நானும் பார்க்காத மாதிரி சோப்புப் போடுவேன். இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. இரவில் ஏதாவது ஆகிவிடுமோ என்று மாமியார் எங்கள் அறையிலேயே படுக்கிறார். தாம்பத்தியத்துக்கென்று கருவிகள் இருப்பதாக ஒரு வீடியோவில் பார்த்தேன். வாங்கலாமா? எனக்கு 31 வயதாகிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீங்கள் இருவரும் பார்க்காத மாதிரி இருக்கிறீர்களே, அந்த விறைப்பிலிருந்தே தொடங்குகிறேன். அது இரண்டு வழியில் வரும். மனதில் நினைத்து வருவது ஒன்று. அதற்கு மூளையிலிருந்து செய்தி இறங்கி, தண்டுவடத்தில் டி11 முதல் எல்2 வரை உள்ள பகுதிக்குப் போய்ச் சேர வேண்டும். (டி என்றால் மார்புப் பகுதி, எல் இடுப்பு, எஸ் அதற்கும் கீழே. எண் கூடக்கூட இடம் கீழே இறங்கும்.) தொட்டதும் வருவது இன்னொன்று. அது எஸ்2 முதல் எஸ்4 வரையுள்ள கீழ்ப்பகுதிக்குள்ளேயே முடிந்துவிடும், மூளையைக் கேட்காது. உங்கள் கணவருக்கு டி8-ல் வழி அடைபட்டிருக்கிறது, கீழே உள்ள சுற்று வேலை செய்கிறது. அதனால் ஆசை இல்லாமலும் வரும், ஆசை இருந்தும் வராமல் போகும். அவருக்கும் இது தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் இந்தப் பதிலை அவரிடம் படிக்கக் கொடுங்கள்.

எனக்கு டி5. வீல்சேருக்கு வந்து 19 வருடம். நான் இருந்த ஆஸ்பத்திரியில் சிறுநீர் எடுக்கும் குழாயான கத்தீட்டர் போடவும், படுக்கைப் புண் வராமல் புரண்டு படுக்கவும் வாரக்கணக்கில் சொல்லிக்கொடுத்தார்கள். இதைப் பற்றி என் மனைவி கேட்டதற்கு மட்டும் "அதெல்லாம் இனிமே எதுக்கும்மா" என்று பதில் வந்தது. இப்போது 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலேயே பாலியல் நலச் சிகிச்சை என்று எழுதியிருக்கிறது. எனவே பி.எம்.ஆர். என்கிற உடலியக்க மறுவாழ்வுப் பிரிவு டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்.

கருவிக்கு வருகிறேன். வீடியோவில் நீங்கள் பார்த்தது அநேகமாக வைப்ரேட்டராக, அதாவது அதிர்வு தரும் கருவியாக இருக்கும். குழந்தை வேண்டும் என்று வருகிறவர்களுக்கு விந்து எடுக்க டாக்டர்களும் அதன் மருத்துவ வகையைப் பயன்படுத்துகிறார்கள். நொடிக்கு 100 அதிர்வு, அசைவு 2.5 மில்லிமீட்டர். ஆன்லைனில் கிடைப்பவை எல்லாம் அந்த அளவுக்கு வேலை செய்யாது. பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள். உணர்வில்லாத தோலில் புண் ஆனாலும் வலி தெரியாது என்பதால், இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து வைக்காமல் எடுத்துவிட்டுத் தோலைப் பாருங்கள்.

நான் யாரையும் கேட்காமல் முயன்று பார்த்தவன். மண்டை பிளக்கிற மாதிரி வலி, முகமெல்லாம் வியர்வை. என் மனைவி என்னைத் தூக்கி உட்காரவைத்து, பிரஷர் இறங்கும் வரை பிடித்துக்கொண்டிருந்தாள். டி6-லோ அதற்கு மேலேயோ அடிபட்டவர்களுக்கு ரத்த அழுத்தம் இப்படித் திடீரென்று ஏறும், உயிருக்கே ஆபத்து. டி8-க்கு அந்தப் பயம் குறைவு. இருந்தாலும் முதல் தடவை டாக்டர் முன்னால்தான். விறைப்பு மாத்திரையையும் மெடிக்கலில் நீங்களாக வாங்காதீர்கள். நெஞ்சுவலிக்குத் தரும் நைட்ரேட் மாத்திரையோடு அது சேர்ந்தால் அழுத்தம் ஒரேயடியாக விழுந்துவிடும்.

சரி, உங்கள் கடைசி வரி. அதை நான்கு தடவை படித்தேன். கடிதமே அதற்காக எழுதியதுதான், இல்லையா? அவருடைய கையும் வாயும் நன்றாக இருக்கின்றன. அந்தக் கருவி உங்களுக்காகவும் இருக்கலாம், அதை அவர் கையில் பிடிக்கலாம். அவருக்கும் இன்பம் கழுத்தோடு முடிந்துவிடவில்லை. உணர்வு நிற்கிற அந்த எல்லைக்கோட்டின் மேல் பக்கம் பலருக்கு முன்பைவிடத் தொடு உணர்வு அதிகமாகிறது. விரலால் தேடிப் பாருங்கள். அதற்கு முன் சிறுநீரை எடுத்துவிடுங்கள். அப்படியும் படுக்கை நனைந்தால் துணியை மாற்றிக்கொள்ளலாம், எங்கள் வீட்டில் எத்தனையோ தடவை நடந்திருக்கிறது.

உங்கள் காசில் வைப்ரேட்டருக்கு முன்னால் நான் வாங்கச் சொல்வது குஷன் வைத்த குளியல் நாற்காலி. டி8 உள்ள பலர் பழகினால் தாங்களே குளித்துக்கொள்கிறார்கள். காலையில் நர்ஸாக இருந்துவிட்டு ராத்திரி மனைவியாக மாறுவது எவ்வளவு கஷ்டம் என்பதை என் மனைவி சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன், அதுவும் ஆறு வருடம் கழித்து.

அப்புறம் மாமியார். அவர் பயத்தில்தான் அங்கே படுக்கிறார், அதற்காக அவர்மேல் கோபப்பட வேண்டாம். சில நூறு ரூபாய்க்கு ஒயர் இல்லாத காலிங் பெல் கிடைக்கிறது. சுவிட்சை உங்கள் கணவரின் தலைமாட்டில் ஒட்டுங்கள், பெல்லை மாமியார் இனிமேல் பாய் போடப்போகிற கூடத்தில் மாட்டுங்கள். உங்கள் கணவரே ஒரு தடவை அழுத்திக் காட்டட்டும். "கூப்பிட்டா வாம்மா" என்று அவர் சொன்னால்தான் எடுபடும், நீங்கள் சொன்னால் சண்டையாகிவிடும். உள்பக்கத் தாழ்ப்பாளை அதே நாளில் மாட்டிவிடுங்கள். வீல்சேரில் உட்கார்ந்தபடி அவருக்கு எட்டுகிற உயரத்தில்.