நண்பகலில் அடைக்கப்படும் மலை

கேள்வி: சென்ற ஜூலையில் எழுபது வயதான என் தாயார், மனைவி, இரு குழந்தைகளுடன் ஏதென்ஸ் சென்றிருந்தேன். பழங்காலக் கோயில்கள் உள்ள அக்ரோபோலிஸ் மலையின் வாயிலை அடைந்தபோது, வெயில் கடுமையாக இருப்பதாகச் சொல்லி மாலை வரை அடைத்துவிட்டார்கள். வேலூர் வெயிலில் வளர்ந்த எங்களுக்கு அது ஒரு வெயிலா? இடிந்த தூண்களைப் பார்க்க இவ்வளவு கட்டுப்பாடு தேவையா?
– வாசகர் ஒருவர், வேலூர்

பதில்: தேவைதான். அன்று வாயிலை அடைத்தவர்கள் தங்கள் தாயாருக்கு நன்மையே செய்தார்கள் என்பது என் உறுதியான கருத்து.

வெயிலில் வளர்ந்தவர்களுக்கு வெயிலுக்கு ஒதுங்க வேண்டிய நேரமும் தெரிந்திருக்கும். சித்திரை மாத உச்சிப்பொழுதில் அதே தாயாரைப் பழனி மலைப் படிகளில் ஏற்றிச் செல்லத் தாங்கள் துணிவீர்களா? சொந்த ஊரில் செய்யத் துணியாததை, பயணச்சீட்டுக்குப் பணம் கொடுத்துவிட்டோம் என்பதற்காக அயல்நாட்டில் செய்ய முனைகிறோம். ஏதென்ஸின் வெயிலும் எளியதன்று. 1977 ஜூலை 10 அன்று அந்நகரை அடுத்த எலெஃப்சினாவில் 48 டிகிரி செல்சியஸ் பதிவாயிற்று. அக்ரோபோலிஸ், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 150 மீட்டர் உயர்ந்து நிற்கும் சுண்ணாம்புக்கல் பாறை. உச்சியில் நிழலுக்கு ஒதுங்க இடமே அரிது. வெண்பளிங்கு ஒளியைத் திருப்பி முகத்தில் அடிக்கும். எண்ணற்ற காலடிகள் பட்டு வழுவழுப்பான கற்கள் வழுக்கும். காற்று வறண்டிருப்பதால் வியர்வை வந்த வேகத்தில் உலர்ந்துவிட, உடலிலிருந்து எவ்வளவு நீர் போயிற்று என்பதே தெரியாது. குழந்தை தலை வலிக்கிறது என்று சொல்லும்போது பாதிப்பு முன்பே தொடங்கியிருக்கும். 2024 ஜூனில் கிரேக்கத் தீவுகளில் வெயிலில் நடக்கச் சென்ற வெளிநாட்டுப் பயணிகள் சிலர் உயிருடன் திரும்பவில்லை. அதே மாதத்தில்தான் அக்ரோபோலிஸையும் நண்பகல் முதல் மாலை 5 மணி வரை அடைத்தார்கள். அங்கே நாள் முழுவதும் நின்று காவல் காப்பவர்களையும் நினைத்துப் பாருங்கள். நாம் இரண்டு மணி நேரத்தில் இறங்கிவிடுவோம், அவர்களால் இறங்க முடியாது.

இந்தக் கட்டுப்பாடு இன்றைய அரசு புதிதாகக் கண்டுபிடித்ததும் அன்று. அந்த மலைக்குரிய பெருவிழாவான பனதெனாயா, கோடையின் நடுவில், ஏறக்குறைய ஜூலை-ஆகஸ்டில்தான் நடைபெற்றது. இரவெல்லாம் விழித்திருந்து, கதிரவன் எழும் வேளையில் ஊர்வலமாக மலையேறினார்கள் பழைய ஏதென்ஸ் மக்கள். ஊர்வலத்தில் சென்ற குடிமகளிருக்கு, அந்நகரில் குடியேறிய பிறநாட்டாரின் பெண்கள் குடை பிடித்துச் சென்றதாகப் பழைய நூல்கள் கூறுகின்றன. (குடியுரிமையில்லாதோர் மீது சுமத்தப்பட்ட அந்தப் பணியில் உள்ள தாழ்வு என்னை உறுத்தாமல் இல்லை.) பழைய ஒலிம்பிக் போட்டிகள் நடந்த ஒலிம்பியாவிலோ, கோடை உச்சத்தில் அவற்றைக் காணக் கூடிய மக்கள் பல நூற்றாண்டுகள் நல்ல நீர் வசதியின்றி வாடினார்கள், கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் செல்வர் ஹெரோடெஸ் அட்டிகஸ் கால்வாய் அமைத்துக் கொடுத்த பிறகே அந்தக் குறை தீர்ந்தது. அக்ரோபோலிஸின் தென்சரிவில் இன்றும் நிற்கும் கல் அரங்கைக் கட்டியவரும் அவரே. தத்துவஞானி தேலீஸ், முதிய வயதில் விளையாட்டுப் போட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வெப்பத்தாலும் தாகத்தாலும் தளர்ந்து இறந்ததாக, தத்துவஞானிகளின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய டயோஜினஸ் லேர்ஷியஸ் எழுதி வைத்திருக்கிறார்.

'இடிந்த தூண்கள்' என்ற சொல்தான் எனக்கு மிகவும் வருத்தம் தந்தது. அந்தத் தூண்களுக்குரிய பார்த்தனான் என்னும் அதீனா தேவியின் கோயில் கி.மு. 447-இல் தொடங்கி 15 ஆண்டுகளில், பென்டெலி மலையிலிருந்து கொண்டுவந்த பளிங்கால் கட்டி முடிக்கப்பட்டது. பின்னர் தேவாலயமாகவும் மசூதியாகவும் இருந்து, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பெரும்பாலும் உருக்குலையாமல் நின்றது. 1687-இல் துருக்கியர் அதனுள் வெடிமருந்தைக் குவித்து வைத்திருக்க, முற்றுகையிட்ட வெனிஸ் படையின் குண்டு விழுந்து அது வெடித்துச் சிதறியது. பிறகு பிரிட்டிஷ் தூதராக இருந்த எல்ஜின் பிரபுவின் ஆட்கள் சிற்பங்களைப் பெயர்த்தெடுத்து இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார்கள். காலம் செய்ததைவிட மனிதர் செய்த அழிவே அங்கு பெரிது. இதைத் தங்கள் குழந்தைகளுக்கு யாராவது சொன்னார்களா? சொல்லியிருந்தால் அவர்களுக்கு அவை வெறும் தூண்களாகத் தெரிந்திரா.

மலையடிவாரத்தில், 2009-இல் திறக்கப்பட்ட அக்ரோபோலிஸ் அருங்காட்சியகம் குளிரூட்டப்பட்டது. வாயில் அடைக்கப்பட்ட அந்த நண்பகலைத் தாங்கள் அங்கே செலவிட்டிருக்கலாம். அதன் மேல்தளம் பார்த்தனானின் திசைக்கே ஒத்துக் கட்டப்பட்டது. கோயிலைச் சுற்றி ஓடிய 160 மீட்டர் சிற்பத்தொடர், மூலக் கற்களும் வார்ப்புப் பிரதிகளுமாக, அங்கே கண் மட்டத்திலேயே இருக்கிறது. கண்ணாடிச் சுவர் வழியே கோயிலும் தெரிகிறது. மீண்டும் செல்லும் வாய்ப்பு அமைந்தால் ஏப்ரலிலோ அக்டோபரிலோ செல்லுங்கள். பள்ளி விடுமுறை காரணமாகக் கோடையில்தான் இயலும் என்றால், காலை 8 மணிக்குரிய சீட்டை முன்கூட்டியே பெறுங்கள். 2023 செப்டம்பர் முதல் நாளொன்றுக்கு 20,000 பேரை மட்டுமே, அவரவர்க்குரிய நேரத்தில் அனுமதிக்கிறார்கள். தாயாருக்கு நடப்பது இயலாதெனில், வடபுறம் உள்ள மின்தூக்கியைக் குறித்து முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

முந்தைய நாளே அருங்காட்சியகத்தில், அந்தச் சிற்பத்தொடரின் வடபக்கப் பகுதியைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். விழா ஊர்வலத்தின் நடுவே நான்கு இளைஞர்களில் மூவர் தோளில் குடங்களைச் சுமந்து வருகிறார்கள். ஒருவர் மட்டும் தரையிலிருக்கும் தம் குடத்தைத் தூக்குவதற்காகக் குனிந்திருக்கிறார்.