6 கட்டையில் மேல் ஸா உடைகிறது என்றால்

குரல் மோசமில்லை, சுருதிதான் உங்களுக்குக் கூடுதல். கர்நாடக சங்கீத வகுப்பில் எல்லாரோடும் 6 கட்டையில் (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு) பாடும்போது மேல் ஸா வந்ததும் பிசிறடிக்கிறது, கீழே சுகமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அதிலேயே பதில் இருக்கிறது.

காலையில் தொண்டை கொஞ்சம் இளகியதும், கைப்பேசித் தம்புராச் செயலியை 5 கட்டையில் வைத்துக் கண்ணாடி முன் நின்று, அகாரத்தில், அதாவது ‘ஆ’ என்று மட்டும் இழுத்து, மந்திர பஞ்சமத்திலிருந்து (கீழ் ஸ்தாயி ப) மேல் காந்தாரம்வரை (மேல் ஸ்தாயி க) மெதுவாகப் போய்ப் பாருங்கள். போகப் போகத் தாடை தூக்கிக்கொண்டு கழுத்து நரம்பு புடைத்தால் இன்னும் அரைக் கட்டை இறக்குங்கள். மந்திர பஞ்சமம் வெறும் காற்றாகப் போனால் அரைக் கட்டை ஏற்றுங்கள். கிடைத்ததை ஆசிரியரிடம் தயங்காமல் சொல்லுங்கள், ஒரே சுருதி எல்லாருக்கும் பொருந்தாது என்பது அவருக்கும் தெரியும்.

அப்புறம், அடுக்குமாடி புளோக் வீட்டில் பக்கத்து வீட்டுக்குக் கேட்குமே என்று இரவில் குரலை அடக்கிப் பாடுகிறீர்களா? நானும் பல மாதம் அப்படிப் பாடித்தான் மேல் ஸ்வரங்கள் இறுகிப்போயின. அதைவிட வாயை மூடி ம்ம்ம் என்று இழுப்பது எவ்வளவோ மேல்.

ஆனால் பேசும்போதே குரல் கரகரத்து, சளி இருமல் இல்லாமலும் 3 வாரம் தாண்டினால், பாட்டுச் சாதகத்தை நிறுத்திவிட்டுப் பாலிகிளினிக்கில் காட்டுங்கள்.