கூளத்தில் சுண்ணாம்பு தூவியதும் நெடி கூடியது ஏன்?

கேள்வி: பல்லடம் பக்கம் 3,000 கறிக்கோழிக் குஞ்சு வளர்க்கிறேன். வயது 12 நாள். மார்கழிப் பனிக்காக நாலு பக்கமும் படுதாவை மூடிக் கரி அடுப்பு வைத்திருக்கிறேன். தரையில் பரப்பும் கூளத்துக்குப் போன பேட்ச்சின் தென்னை நார்க்கழிவையே கிளறிவிட்டுக் குஞ்சு இறக்கினேன். மூன்று நாளாகக் குஞ்சுகளுக்குக் கண்ணில் நீர் வடிகிறது. சில கண்ணை மூடியபடி நிற்கின்றன, தும்மலும் இருக்கிறது. நெடி அடங்கட்டும் என்று நேற்று சாயங்காலம் சுண்ணாம்பு தூவினேன். காலையில் நெடி முன்பைவிட அதிகம். என்ன மருந்து கொடுக்கலாம்?

பதில்: இன்றைக்கு மருந்து வேண்டாம், காற்று வேண்டும். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் அம்மோனியா எரிச்சலுக்கு அப்படியே பொருந்துகின்றன. சுண்ணாம்பு அதைக் கிளப்பிவிட்டிருக்கிறது.

கோழி எச்சத்தில் வெள்ளையாகத் தெரிவது யூரிக் அமிலம். ஈரமும் சூடும் கிடைத்தால் கூளத்திலுள்ள பாக்டீரியாக்கள் அதைச் சிதைத்து அம்மோனியா ஆக்கும். அந்த அம்மோனியா கூளத்தின் ஈரத்தில் அம்மோனியம் உப்பாகக் கட்டுண்டு கிடக்கும்வரை தொந்தரவில்லை. கட்டு அவிழ்வதைத் தீர்மானிப்பது கார அமில நிலை, அதாவது பிஎச். எண் ஏற ஏறக் காரம் கூடும். பிஎச் 7-இல் நூற்றில் ஒரு பங்குகூட வாயுவாக இருக்காது. 8-இல் சுமார் 5 பங்கு, 9-இல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். நீற்றுச் சுண்ணாம்பின் பிஎச் 12-க்கும் மேல். ஒரு பேட்ச் எச்சம் ஊறிய கூளத்தில் அதைத் தூவினால், அடங்கிக் கிடந்ததெல்லாம் ஒரே ராத்திரியில் மேலே வரத்தான் செய்யும். அடுப்புச் சாம்பலும் காரம்தான், அதையும் தூவ வேண்டாம். சுண்ணாம்புக்கு உரிய நேரம், கூளத்தை அள்ளி வெளியேற்றிவிட்டு வெறும் தரையையும் சுவரையும் வெள்ளையடிக்கும்போது.

இன்றே செய்ய வேண்டியது: படுதாவைக் கீழிருந்து சுருட்டாதீர்கள். பனிக்காற்று நேராகக் குஞ்சின் மேல் அடிக்கும். மேல் பக்கம் ஒரு அடி திறக்கும்படி படுதாவை மாற்றிக் கட்டுங்கள். சூடான ஈரக் காற்று மேலேறித்தான் வெளியே போகும், அதோடு அம்மோனியாவும் போகும். இந்த ஒரு அடி ராத்திரியிலும் திறந்தே இருக்கட்டும். வெயில் ஏறிய பிறகு, பத்து மணி முதல் நாலு மணி வரை நன்றாகவே திறந்துவிடலாம். குஞ்சுகளைக் கொட்டகையின் பாதியில் அடைத்து வைத்திருந்தால் தடுப்பை நகர்த்தி இடத்தைக் கூட்டுங்கள்.

தண்ணீர்ப் பாத்திரங்களுக்கு அடியில் கட்டிதட்டிய கூளத்தையும் சுண்ணாம்பு திட்டாகக் கிடக்கும் இடத்தையும் வழித்து அள்ளி, காய்ந்த நார்க்கழிவு இரண்டு அங்குலம் போடுங்கள். அள்ளுவதும் கிளறுவதும் நண்பகலில், படுதா திறந்திருக்கும்போது மட்டும். மூடிய கொட்டகையில் கிளறினால் அடியில் தேங்கிய வாயு மொத்தமும் குஞ்சின் முகத்தில்தான் அடிக்கும்.

நார்க்கழிவு தன் எடையைப்போலப் பல மடங்கு நீரைக் குடிக்கும். மேலே பொலபொலவென்று இருக்கும், அடியில் சொதசொதக்கும். அதனால் அடிவரை தோண்டி ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள். உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம். லேசாகச் சேர்ந்து, கையை விரித்ததும் உதிர்ந்தால் சரி. சேரவே இல்லையென்றால் தூசி பறக்கும், அதுவும் தும்மல்தான். நிப்பிள் (குஞ்சு கொத்திக் குடிக்கும் குழாய்முனை) ஒழுகுகிறதா, தொங்கும் தண்ணீர்ப் பாத்திரமான பெல் ட்ரிங்கரின் விளிம்பு குஞ்சின் முதுகு உயரத்தில் இருக்கிறதா என்று தினமும் பாருங்கள். ஈரத்தின் மூலம் பெரும்பாலும் அங்கேதான்.

உங்கள் மூக்கை நம்பாதீர்கள். தினமும் உள்ளே போகிறவருக்கு நெடி பழகிவிடும். அம்மோனியா 10 பிபிஎம்முக்குள் (காற்றில் பத்து லட்சத்தில் 10 பங்கு) இருப்பது நல்லது. 25-ஐத் தாண்டினால் மூச்சுக்குழலில் சளியைத் தள்ளும் நுண்மயிர்கள் செயலிழந்து, ஈ.கோலை பாக்டீரியா, சிஆர்டி எனும் நாள்பட்ட மூச்சுநோய் போன்றவை எளிதில் தொற்றும். வெளியிலிருந்து வரும் ஒருவரைக் குஞ்சின் உயரத்துக்குக் குனிந்து மூச்சிழுக்கச் சொல்லுங்கள். அவர் கண் எரிந்தால் அளவு எப்போதோ மீறிவிட்டது.

அடுத்தது கரி அடுப்பு. அம்மோனியாவாவது நெடி காட்டிக் கொடுக்கும், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. புகை அடங்கிச் செக்கச்சிவந்து கனலும் கரியும் அதை வெளியிடும். ‘புகை இல்லையே’ என்று படுதாவை முழுசாக மூடுவது ஆபத்து. குஞ்சு சோர்ந்து சோர்ந்து விழுந்து செத்து, அறுத்துப் பார்த்தால் ரத்தம் பளிச்சென்ற சிவப்பாக இருந்தால் இந்த வாயுவைச் சந்தேகியுங்கள். புகைபோக்கி வைத்த அடுப்பாக மாற்றி, குழாயைக் கூரைக்கு வெளியே விடுங்கள். காவலுக்கு ஆள் அந்தக் கொட்டகைக்குள் படுத்துத் தூங்கவே கூடாது.

லேசாகக் கண்ணீர் விடும் குஞ்சுகள் காற்று சரியானதும் தேறிவிடும். கருவிழி வெளுத்தவை தீனியைக் கண்டுபிடிக்கத் திணறும், தனியே பிரித்துத் தீனி, தண்ணீருக்குப் பக்கத்தில் விடுங்கள். லசோட்டா (வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி) போடும் தேதி நெருங்கியிருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். இந்தக் காற்றில் தடுப்பூசியின் எதிர்விளைவு கடுமையாகும். காற்றைச் சரிசெய்த பிறகும் மூன்று நாளில் கரகர மூச்சு, முகவீக்கம், கூடுதல் சாவு தெரிந்தால், அன்று செத்த குஞ்சுகளைப் பனிக்கட்டியில் வைத்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோங்கள். அதற்கு முன் ஆன்டிபயாட்டிக் வேண்டாம்.

அடுத்த பேட்ச்சுக்குப் புதுக் கூளமே நல்லது. பழையதைத்தான் போட வேண்டுமென்றால் கட்டிகளை அகற்றிவிட்டு, குஞ்சு வருவதற்கு முன் 100 சதுர அடிக்கு 2.5 முதல் 4.5 கிலோ வரை, தண்ணீர் சுத்திகரிப்புக்கு விற்கும் அலுமினியம் சல்பேட்டைத் தூவிக் கலக்கலாம். கூளத்தைப் புளிப்பாக்கி அம்மோனியாவை அம்மோனியம் சல்பேட்டாகக் கட்டிவிடும், தழைச்சத்தும் எருவிலேயே தங்கும். கையுறையும் முகமூடியும் போட்டுக்கொள்ளுங்கள். சிலர் சூப்பர் பாஸ்பேட் தூவுகிறார்கள். அதில் புளோரின் உண்டு, குஞ்சு கொத்தித் தின்னும். எனவே அதைத் தவிர்க்கவே சொல்வேன்.